பி 0420: கன்வெர்ட்டரை மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?

2025 மார்ச் 2: கேள்வி

2014 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், 96,000 கி.மீ. ஓடியிருக்கு. ஒரு வாரமா செக் இன்ஜின் லைட் எரியுது. ஸ்கேனர் போட்டதுல பி 0420ங்கிற கோளாறு கோட் வந்துச்சு. புகையில இருக்கிற நச்சு வாயுவைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு, நாற்பத்திரெண்டாயிரம் ஆகும்னு பட்டறையில சொல்றாங்க. ஓட்டும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. பிக்கப் அப்படியே இருக்கு. மாத்தித்தான் ஆகணுமா, இல்ல அந்த கோட்-ஐ அழிச்சிட்டு ஓட்டலாமா?

மார்ச் 2, இரவு

இப்போதைக்கு மாத்தாதீங்க. என் வண்டி 2013 கடைசியில வாங்கினது, அதே 1.2 லிட்டர், 1,18,000 கி.மீ. ஜனவரியிலிருந்து எனக்கும் இதே கோட். நாற்பதாயிரத்தைக் கையில எடுத்துட்டுப் போய் நின்னவன் நான். ஒரு ராத்திரி யோசிச்சுட்டு திரும்பி வந்துட்டேன்.

முதல்ல அந்த கோட் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சுக்கங்க. கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருக்கிறது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும். இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் (இ.சி.யு.) பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சு சரி பண்றதோட அடையாளம் அது. நடுவுல இருக்கிற கன்வெர்ட்டர் அந்த ஏற்ற இறக்கத்தை விழுங்கிடணும். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டை, அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு, கூடவே சீரியம் ஆக்சைடு. புகையில ஆக்சிஜன் மிஞ்சும்போது சேர்த்து வச்சுக்கிட்டு, குறையும்போது திருப்பிக் கொடுக்கிறது இந்த சீரியம்தான். அதனால நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னாடி இருக்கிற சென்சார் 0.6, 0.7 வோல்ட்ல ஆடாம நிக்கும். பின்னாடி இருக்கிறதும் முன்னாடி இருக்கிறதைப் போலவே ஆட ஆரம்பிச்சா இ.சி.யு. பி 0420 போடும்.

ஆக, "பின்னாடி சென்சார் ஆடுது"ன்னுதான் கோட் சொல்லுது. ஏன் ஆடுதுன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேலை.

மார்ச் 3

நேத்து ஒண்ணு விட்டுட்டேன். கோட்-ஐ அழிக்கச் சொல்லாதீங்க. அழிச்சா ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போயிடும். லைட் எரிஞ்ச நேரத்துல இன்ஜின் சூடு எவ்வளவு, ஆர்.பி.எம். எவ்வளவு, வேகம் எவ்வளவு, ஃப்யூயல் ட்ரிம் (இ.சி.யு. பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) எவ்வளவுன்னு எல்லாம் அதுல பதிஞ்சிருக்கும். முதல்ல அதை போட்டோ எடுங்க. பெண்டிங் கோட் (பதிஞ்சிருக்கும், ஆனா இன்னும் லைட்டைப் போட்டிருக்காது) வேற ஏதாவது இருக்கான்னும் பாருங்க. கூட 0300லிருந்து 0304க்குள்ள ஏதாவது இருந்தா அது மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல. கன்வெர்ட்டரை மறந்துட்டு முதல்ல அதைத்தான் பார்க்கணும்.

மார்ச் 5

கீழே கேட்டிருந்தவருக்கு: உங்க 2009 மாடல்ல இந்த கோட் வராததுக்குக் காரணம் இருக்கு. நம்ம நாட்டுல கார்களுக்கு ஓ.பி.டி. 2 (வண்டியே தன் கோளாறைக் கண்டுபிடிச்சு கோட் போடுற முறை) கட்டாயமானது 2013 ஏப்ரல்ல. அதுக்கு முந்தைய வண்டிகள் பலதுல பின்னாடி சென்சாரே கிடையாது. கன்வெர்ட்டர் இருக்கும், அதைக் கண்காணிக்க ஆள் இருக்காது. சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல 1995 ஏப்ரல்லயே புது பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் வந்தாச்சு, ஈயமில்லாத பெட்ரோலும் அப்பத்தான் வந்துச்சு. ஈயம் பட்டா பூச்சு செத்துடும்ங்கிறதால ரெண்டையும் ஒண்ணா கொண்டு வந்தாங்க. ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்னது 2000 பிப்ரவரியில.

மார்ச் 9, ஞாயிறு

இன்னைக்கு முழு நாளும் வண்டிக்கு அடியில. நடந்ததை அப்படியே எழுதுறேன்.

காலையில இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பானட்டைத் திறந்து கேட்டேன். லேசா "பஸ்... பஸ்"னு ஒரு சத்தம். ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. இரும்பு சூடேறி விரிஞ்சதும் இடைவெளி மூடிக்கும், அதனால பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சத்தம் இருக்காது. இதை ஆறின இன்ஜின்லதான் பிடிக்க முடியும்.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, வேக்குவம் கிளீனரை ஊதுற பக்கம் மாத்தி சைலன்சர் வாயில துணியைச் சுத்திச் செருகினேன். சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்பா அடிச்சுட்டே வந்தேன். கன்வெர்ட்டரும் முன் பைப்பும் சேர்ற ஃபிளாஞ்ச்ல நுரை பொங்கிச்சு. ஒரு போல்ட் பாதி தின்னு போயிருந்துச்சு, பக்கத்துல கரிக் கோடு. பின்னாடி சென்சார் அதுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கு.

புகை வெளியே போற ஓட்டை சென்சாரை எப்படிக் கெடுக்கும்னு கேட்பீங்க. புகை ஒரே சீரா போறதில்ல, துடிச்சுத் துடிச்சுப் போகுது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துட்டு கன்வெர்ட்டர் வேலை செய்யலைன்னு நினைச்சுக்கும்.

கேஸ்கெட், ரெண்டு போல்ட், ஸ்பிரிங் எல்லாம் சேர்த்து 640 ரூபாய். சைலன்சர் கடைக்காரர் சிவப்பு சிலிக்கான் பேஸ்ட்டை எடுத்து அப்ப வந்தார். கையைப் பிடிச்சு நிறுத்திட்டேன். சாதாரண சிலிக்கான் பேஸ்ட்ல இருந்து வர்ற ஆவி ஆக்சிஜன் சென்சார் மேல படிஞ்சு அதைக் குருடாக்கிடும். போடணும்னா சென்சாருக்குப் பாதுகாப்பானதுன்னு டப்பாவிலேயே எழுதினதைத்தான் போடணும்.

கோட்-ஐ அழிச்சாச்சு. பார்ப்போம்.

மார்ச் 10

சொல்ல மறந்தது. அகச்சிவப்பு வெப்பமானியை வச்சு கன்வெர்ட்டர் நுழைவாய், வெளிவாய் ரெண்டையும் அளந்தேன். 310 டிகிரி, 335 டிகிரி. பின்பக்கம்தான் சூடு ஜாஸ்தி, அப்படின்னா உள்ளே எரிப்பு நடக்குது, கன்வெர்ட்டர் உயிரோட இருக்கு.

மார்ச் 28

19 நாள், 400 கி.மீ., லைட் வரல. 640 ரூபாயோட முடிஞ்சது. கேள்வி கேட்டவர் அந்த ஃபிளாஞ்சை முதல்ல பாருங்க.

ஏப்ரல் 6

மார்ச் 28ல எழுதினதை நம்பாதீங்க. முடியல.

நேத்து கிருஷ்ணகிரி போயிட்டு வந்தேன். தொப்பூர் தாண்டி 80ல ஒரே சீரா போயிட்டிருந்தப்போ ஒண்ணும் இல்ல. திரும்பி வரும்போது லைட் எரிஞ்சுடுச்சு. அதே 0420.

400 கி.மீ. ஏன் வரலைன்னு ராத்திரி உட்கார்ந்து யோசிச்சேன். அந்த 400ம் சேலத்துக்குள்ள ஓட்டினது. அஞ்சு ரோடு, ஜங்ஷன், ஸ்கூல், வீடு. கன்வெர்ட்டரை சோதிக்கிற மானிட்டர், இன்ஜின் நல்லா சூடாகி சீரான வேகத்துல கொஞ்ச நேரம் போனாத்தான் ஓடும். ஊருக்குள்ள எனக்கு அந்தச் சோதனை ஒரு தடவைகூட நடக்கல. அது நடந்து முடிஞ்சதான்னு போன்ல இருக்கிற ஸ்கேனர் ஆப்ல "ரெடினஸ்"ங்கிற பக்கத்துல தெரியும். நான் அதைத் திறந்தே பார்க்கல. லைட் இல்லைன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. கேட்டலிஸ்ட் மானிட்டர் முழுசா முடிஞ்சிருக்கணும், அதுக்கப்புறமும் பெண்டிங் கோட் இருக்கக்கூடாது. போகும்போது முதல் தோல்வி பெண்டிங்கா பதிஞ்சிருக்கும், வரும்போது ரெண்டாவது தோல்வி லைட்டைப் போட்டிருக்கும்.

ஃபிளாஞ்ச் ஓட்டை உண்மைதான், அதை அடைச்சதும் சரிதான். ஆனா அது மட்டும் காரணம் இல்ல.

ஏப்ரல் 7

வெப்பமானிச் சோதனை பத்தி எழுதினதையும் திருத்தணும். கார்புரேட்டர் காலத்துல எரியாத பெட்ரோல் நிறைய வெளியே வரும், கன்வெர்ட்டர் அதை எரிச்சு நல்லா சூடாகும். இப்ப இருக்கிற இன்ஜின் ஒழுங்கா ஓடினா எரிக்கிறதுக்கு அங்கே பெருசா ஒண்ணுமே வர்றதில்ல. 25 டிகிரி வித்தியாசத்தை வச்சு நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு பளபளப்பான தகடு மேல அளந்தா அந்த மெஷின் தப்பாத்தான் காட்டும். அடைப்பு இருக்கான்னு பார்க்க வேணா ஓரளவு உதவும், அதுக்கும் புகைக் குழாய்க்குள்ள அழுத்தத்தை அளக்கிற பேக் பிரஷர் கேஜ்தான் நம்பகம்.

ஏப்ரல் 8

"பின்னாடி சென்சார் சோம்பலாயிருக்கும், அதை மாத்துங்க, நாலாயிரத்துல முடியும்"னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. நானும் ஜனவரியில அப்படித்தான் நினைச்சு ஒண்ணு வாங்கிட்டேன், இன்னும் பெட்டியிலேயே இருக்கு. கொஞ்சம் யோசிங்க. சென்சார் சோம்பலானா என்ன ஆகும்? மெதுவா ஆடும், இல்ல ஆடவே ஆடாது. பின்னாடி ஆடாம நின்னா இ.சி.யு. கன்வெர்ட்டர் நல்லா இருக்குன்னுதானே நினைக்கும்? சோம்பல் சென்சார் 0420ஐ மறைக்கும், வரவழைக்காது. வேகமா ஏறி இறங்குற பின் சென்சார், தன் வேலையை ஒழுங்கா செய்யுற சென்சார். வயர்ல கோளாறு, கனெக்டர்ல தண்ணி, அது வேற கதை. அதுக்குப் பெரும்பாலும் தனி கோட் வரும்.

முன் சென்சாரை சந்தேகப்படுங்க, அதுல நியாயம் இருக்கு. அது தப்பாப் படிச்சா கலவையே தடுமாறும்.

ஏப்ரல் 8, பிறகு

ஆப்ல கிராஃப் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. வண்டியில செருகி போனோட இணைக்கிற இ.எல்.எம். 327 மாதிரி விலை குறைஞ்ச டாங்கிள்ல பத்து அளவை ஒண்ணா போட்டா ஒவ்வொண்ணுக்கும் நொடிக்கு ஒரு புள்ளிகூட ஒழுங்கா வராது. ஆடுறது ஆடாத மாதிரி தெரியும். முன் சென்சார், பின் சென்சார் ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் அணைங்க. இன்ஜினை நல்லா சூடாக்கி, 2500 ஆர்.பி.எம்.ல ரெண்டு நிமிஷம் பிடிச்சுட்டுப் பாருங்க. ஐட்லிங்ல பார்க்காதீங்க, கன்வெர்ட்டர் ஆறிப்போய் பொய் சொல்லும்.

என்னுடையது 2500ல: முன்னாடி 0.1க்கும் 0.85க்கும் இடையில. பின்னாடி 0.2க்கும் 0.75க்கும் இடையில, முன்னாடி மூணு தடவை ஆடினா பின்னாடி ரெண்டு தடவை. இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேண்டாம். கன்வெர்ட்டர் தளர்ந்துடுச்சு.

ஏப்ரல் 12

அப்ப நாற்பதாயிரம் கொடுத்து மாத்திடலாமேன்னு வீட்டுல கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஆனா கன்வெர்ட்டர் தானா சாகிறது அபூர்வம். பிளக் மாதிரி, பிரேக் பேட் மாதிரி தேயுற சாமான் இல்ல அது. எது கொன்னுச்சுன்னு தெரியாம புதுசைப் போட்டா புதுசும் அதே வழியில போகும்.

ஏப்ரல் 13

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் காரணம்னு அடிச்சுச் சொல்றவங்களுக்கு. எனக்கும் அந்தக் கோபம் இருக்கு. பத்து வருஷத்துக்கு முன்னாடி வேற பெட்ரோலுக்குன்னு செஞ்ச வண்டி இது, ரப்பர் பாகங்களைப் பத்தின கவலை நியாயம். ஆனா இந்த 0420ஐ அது தலையில கட்ட முடியல. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும், 10 சதவீதம் எத்தனாலுக்கு சுமார் 14.1, 20 சதவீதத்துக்கு சுமார் 13.5. அதே காத்துக்கு இ.சி.யு. நாலஞ்சு சதவீதம் கூடுதல் எரிபொருள் விடணும். லாங் டேர்ம் ட்ரிம்ல அது தெரியும். என்னுடையது +2ல இருந்து +6 ஆச்சு. 10க்குள்ள இருக்கிற வரைக்கும் இ.சி.யு. அதைச் சமாளிச்சுடும். சமாளிச்சுட்டா கன்வெர்ட்டருக்குப் போற கலவை பழையபடியேதான் இருக்கும்.

ஏற்கெனவே +9ல ஓடின வண்டி, வேக்குவம் ஹோஸ்ல கீறல், இன்ஜெக்டர்ல அழுக்குன்னு ஏதோ ஒரு குறையோட, இ20 போட்டதும் எல்லை தாண்டலாம். அதுலயும் பழைய குறையைத்தான் முதல்ல சரி பண்ணணும்.

ஏப்ரல் 20

கொன்னது யாருன்னு தெரிஞ்சுடுச்சு.

ஏற்காடு போயிருந்தோம். தம்பி பைக்ல பின்னாடி வந்தான். 20 கொண்டை ஊசி வளைவும் ரெண்டாவது கியர்ல ஆக்சிலரேட்டர் தொடாமலே இறங்கி, அடிவாரத்துல மிதிச்சப்போ பின்னாடி ஒரு நீலப் புகை கிளம்புச்சாம். "அண்ணே, வண்டி ஆயில் குடிக்குது"ன்னான். நான் நம்பல. அடுத்த நாள் காலையில முதல் ஸ்டார்ட்ல நானே பின்னாடி நின்னு பார்த்தேன். சைலன்சர்ல இருந்து ஒரு மூச்சு நீலம். அவ்வளவுதான், அப்புறம் இல்ல.

ராத்திரி நின்ன வண்டியில முதல் ஸ்டார்ட், நீளமான இறக்கத்துக்கு அப்புறம் முதல் மிதி. ரெண்டுமே, வால்வ் தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்கிற ரப்பர் சீல் (வால்வ் சீல்) கிழிஞ்சதுக்கு அடையாளம். இறங்கும்போது த்ராட்டில் மூடியிருக்கும், சிலிண்டருக்குள்ள வேக்குவம் அதிகமாகி மேல இருக்கிற ஆயிலை வால்வ் தண்டு வழியா உறிஞ்சும். பிஸ்டன் ரிங் போயிருந்தா மிதிக்கிறப்போ எல்லாம் புகையும்.

டிப்ஸ்டிக்கைப் பார்த்தேன். ஆயில் மாத்தி 3,100 கி.மீ., குறைஞ்சது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகல. எல்லாம் எரிஞ்சு கன்வெர்ட்டருக்குள்ள போயிருக்கு. ஆயில்ல தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்க்கிறாங்க. எரிஞ்சா அந்த பாஸ்பரஸ் பூச்சு மேல கண்ணாடி மாதிரி படிஞ்சு மூடிடும். பெட்ரோல் டாங்க்ல ஊத்துற கிளீனர் எதுவும் அதைக் கழுவாது. நான் ரெண்டு பாட்டில் ஊத்தினேன், ஒரு மாற்றமும் இல்ல.

டீசல் வண்டிக்கான ஆயிலை மிச்சம் இருக்குன்னு பெட்ரோல் வண்டியில ஊத்துறவங்க நம்ம ஊர்ல நிறைய பேர். 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய பெட்ரோல் ஆயில்ல பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு ஏ.பி.ஐ.ங்கிற அமெரிக்க அமைப்போட ஆயில் தரத்துலயே இருக்கு. அந்த வரம்பு வச்சதே கன்வெர்ட்டரைக் காப்பாத்தத்தான். மிச்ச ஆயிலைக் கதவுக் கீலுக்கு விடுங்க.

மே 4

மெக்கானிக் அண்ணன் முதல்ல பி.சி.வி. வால்வைக் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை வெளியேத்துற வால்வ்) கழட்டி ஆட்டிப் பார்த்தார். கலகலன்னு சத்தம் வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. கம்ப்ரஷன் நாலு சிலிண்டர்லயும் ஒரே மாதிரி, ரிங் தப்பிச்சுது. மூணாவது பிளக்ல மட்டும் சாம்பல் வெள்ளையா ஒட்டியிருந்துச்சு.

ஹெட்டை இறக்காமலே, பிளக் துளை வழியா காத்தடிச்சு வால்வைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, 16 சீலையும் மாத்தினார். ரெண்டு நாள் வேலை. கழட்டின சீல்களை வரிசையா ஒரு பழைய தினத்தாள் மேல அடுக்கிக் காட்டினார். விரலால அழுத்தினா ஓடு மாதிரி உடையுது. கூலி, சாமான் எல்லாம் சேர்த்து 7,800.

கன்வெர்ட்டரை இன்னும் தொடல. முதல்ல 2,000 கி.மீ. ஓட்டி ஆயில் குறையலைன்னு உறுதி பண்ணிக்கிறேன்.

மே 6

"உள்ளே இருக்கிற கட்டையைக் கம்பியால குத்தி எடுத்துடுங்க, பின் சென்சாருக்கு ஒரு ஸ்பேசர் போட்டா கோட் வராது, பிக்கப்பும் கூடும்"னு எழுதின தம்பிக்கு.

கோட் வராமப் போகலாம். ஆனா சிக்னல்ல என் வண்டிக்குப் பின்னாடி ஸ்கூட்டியில பிள்ளையை முன்னாடி நிக்க வச்சுக்கிட்டு ஒரு அம்மா நிப்பாங்க. அந்தப் பிள்ளை என் சைலன்சருக்கு நேர் பின்னாடி இருக்கும். கன்வெர்ட்டர் இல்லாத பெட்ரோல் வண்டி விடுற கார்பன் மோனாக்சைடு நேரா அங்கே போகும். சட்டமும் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவுல மாசு விதியை மீறினா பத்தாயிரம் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரைக்கும் சிறைக்கும் இடம் இருக்கு. ஆனா எனக்கு அபராதத்தை விட அந்தப் பிள்ளைதான் முக்கியம். இதை இங்கே யாரும் வழியா சொல்லாதீங்க.

மே 19

புகைப் பரிசோதனைக்குப் போனேன். கார்பன் மோனாக்சைடு 0.14 சதவீதம் (எல்லை 0.3), ஹைட்ரோகார்பன் 88 பி.பி.எம். (எல்லை 200). பாஸ். லைட் எரிஞ்சுட்டே இருக்கு, சான்றிதழும் கையில இருக்கு. புகைச் சோதனையில பாஸானா கன்வெர்ட்டர் நல்லதுன்னு நினைக்காதீங்க. அது பார்க்கிறது நின்ன இடத்துல, பாரம் இல்லாம ஓடுற இன்ஜினை. ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கிற திறன் குறைஞ்சதை அது பார்க்கிறதே இல்ல.

ஜூலை 27

2,200 கி.மீ. முடிஞ்சது. டிப்ஸ்டிக்ல ஒரு நூல் அளவு குறைஞ்சிருக்கு. நீலப் புகை இல்ல. பின் சென்சார் இன்னும் ஆடுது, ஆனா கொஞ்சம் குறைச்சலா. தானா சரியாகுமோன்னு ஒரு ஆசை இருந்துச்சு. ஆகல.

ஆகஸ்ட் 17

மாத்தியாச்சு.

சென்னை புதுப்பேட்டையில பழையது கிடைக்கும்னு ஒருத்தர் சொன்னார். பழைய கன்வெர்ட்டரை வெளியில பார்த்து உள்ளே பாஸ்பரஸ் படிஞ்சிருக்கான்னு யாராலயும் சொல்ல முடியாது. அதே சென்னையில ஜி.பி. ரோட்டுல பேர் தெரியாத புதுசு 11,000க்கு இருந்துச்சு. விலை குறைவுன்னா உள்ளே இருக்கிற உலோகம் குறைவு, வேற எங்கே குறைக்க முடியும்? ஒரிஜினலே போட்டேன், 38,500.

பழசைக் கேட்டு வாங்கிட்டு வந்துடுங்க. உள்ளே பல்லேடியமும் ரோடியமும் இருக்கு, பழைய இரும்பு விலைக்கு விட்டுட்டு வராதீங்க. என்னுடையதை டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கட்டை உடையல, உருகல. முன் முகம் முழுக்க வெளுத்த சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சு.

ஆகஸ்ட் 19

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கார், ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தோட. மார்ச்லயே இதை அனுப்பியிருந்தா நல்லா இருந்திருக்கும். பரவாயில்ல. உங்க படத்துல 0420 மட்டும் இல்ல, கீழே பெண்டிங்ல 0302ம் இருக்கு. ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஃபயர். பட்டறையில அதைச் சொல்லவே இல்லையா? பிளக்குக்கு மின்சாரம் தர்ற இக்னிஷன் காயில்ல, ரெண்டாவது காயிலையும் மூணாவது காயிலையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டுங்க. கோட் 0303ஆ மாறினா காயில்தான் குற்றவாளி. மாறலைன்னா பிளக்கை மாத்திப் பாருங்க, அப்புறம் இன்ஜெக்டர்.

ஓட்டும்போது லைட் விட்டு விட்டு மினுக்கினா உடனே ஓரம் கட்டுங்க. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும், பீங்கான் உருகி வழியை அடைச்சுடும். உங்களுடையது இன்னும் அந்த நிலைக்குப் போகலைன்னு நம்புறேன், பிக்கப் அப்படியே இருக்குன்னு சொன்னீங்களே.

ஆகஸ்ட் 31

0303ஆ மாறிடுச்சாம். காயில் 1,900. இன்னும் லைட்டை அழிக்காதீங்க, முதல்ல பின் சென்சார் கிராஃபை அனுப்புங்க.

செப்டம்பர் 14

அவர் அனுப்பின கிராஃப்: 2500ல பின்னாடி 0.62லிருந்து 0.70 வரைக்கும், ரொம்ப மெதுவா. கன்வெர்ட்டர் பிழைச்சுடுச்சு. இப்ப அழிங்க. அழிச்சுட்டு திருச்சியிலிருந்து துவரங்குறிச்சி வரைக்கும் பைபாஸ்ல 80ல போயிட்டு வாங்க. ஊருக்குள்ள சுத்திட்டு சரியாயிடுச்சுன்னு எழுதிடாதீங்க, நான் பண்ணின தப்பு அது.

செப்டம்பர் 21

ரெடினஸ் எல்லாம் முடிஞ்சது, பெண்டிங் இல்லைன்னு படம் போட்டிருக்கார். ரொம்ப சந்தோஷம். நாற்பத்திரெண்டாயிரம் மிச்சம்.

என் வண்டி நேத்து ஏற்காடு போயிட்டு வந்துச்சு. தம்பியை மறுபடியும் பின்னாடி வரச் சொன்னேன். அடிவாரத்துல மிதிச்சப்போ ஒண்ணும் தெரியலைன்னான். பின் சென்சார் 0.68. டிப்ஸ்டிக் மேல் கோட்டுல.